எரியாத சிவப்பு விளக்கு

என் வண்டி 1983-இல் செய்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்டி. 980 சிசி, ஆளுக்கொரு பக்கம் நீட்டிக்கொண்டு காற்றில் குளிரும் இரண்டு சிலிண்டர்கள், முன்னால் ஒரு வீட்டுக் கதவு அளவுக்கு, காற்றைத் தடுக்கும் கூடான ஃபேரிங். நீண்ட பயணத்துக்கென்றே செய்த வண்டி. நாற்பது வயது தாண்டிய பின்னும் நாள் முழுக்க ஓட்டினால் முதுகு வலிக்காது. வலி எல்லாம் நிறுத்திய பிறகு, ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போதுதான்.

இந்த மாடலில் மீட்டருக்குள் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும். என்ஜின் ஓடி, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை சார்ஜ் செய்யத் தொடங்கியதும் அணையும். ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம், அணைந்திருந்தால் எல்லாம் நலம். பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இதில் பாதிதான் உண்மை என்று தெரிய எனக்கு மூன்று வாரமும், தேவையே இல்லாத ஒரு புது ரெகுலேட்டரும் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஆயின.

ஒரு நீண்ட பயணத்தின் இரண்டாம் நாள். மதியம் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். சாவியைத் திருப்பியபோது சிவப்பு விளக்கு எரியவில்லை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, என்ஜின் உடனே பிடித்தது. விளக்கைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஏனென்றால் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் மீட்டருக்குள் இருந்த பழைய பல்புகளையெல்லாம் எடுத்துவிட்டு எல்இடி போட்டிருந்தேன். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, ஆனால் ஹோல்டரில் கொஞ்சம் லூசாக உட்கார்ந்தன. 'எல்இடி ஆடியிருக்கும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன்.

ஆர்டியில் ஃபேரிங்கின் உள்பக்கம் ஒரு கடிகாரமும் ஒரு வோல்ட் மீட்டரும் உண்டு. அந்த வோல்ட் மீட்டர் இண்டிகேட்டர் போட்டால்கூடத் தலையாட்டும், அதனால் அதை நான் அலங்காரமாகத்தான் வைத்திருந்தேன். அன்று முள் 12-க்குக் கீழே படுத்திருந்தது. அதையும் கண்டுகொள்ளவில்லை. இருட்டத் தொடங்கியபோது பின்னால் வந்த நண்பன் பக்கத்தில் வந்து கத்தினான்: "டேய், உன் பின் லைட் சிகரெட் நுனி மாதிரி இருக்குடா!" அடுத்த பத்து நிமிடத்தில் ஹெட்லைட் மஞ்சளாகி, என்ஜின் விக்க ஆரம்பித்து, ஒரு ஏற்றத்தின் நடுவில் நின்றது. ஓரம் கட்டி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 10.4 வோல்ட்.

கணக்குப் போட்டால் ஆச்சரியம் இல்லை. பேட்டரி 28 ஆம்பியர் மணி, அதுவும் மூன்று வயதானது. ஹெட்லைட் போட்டு ஓட்டினால் இந்த வண்டி 9.2 ஆம்பியர் இழுக்கிறது என்று பின்னால் கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன். ஹீட்டட் கிரிப் வேறு போட்டிருந்தேன். ஆல்டர்னேட்டர் உதவி இல்லாமல் இரண்டு மணி நேரம் ஓடியதே பெரிது. பகலிலேயே கண்டுபிடித்திருந்தால் ஹெட்லைட்டை அணைத்து, கிரிப்பை அணைத்து, இக்னிஷனுக்கு மட்டும் பேட்டரியை விட்டுவைத்து இன்னும் நெடுந்தூரம் போயிருக்கலாம்.

மறுநாள் காலை, இரவெல்லாம் சார்ஜரில் இருந்த பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, கொஞ்சம் முறுக்கியதும் அணைந்தது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் பேட்டரியில் 13.9 வோல்ட். எந்தக் குறையும் இல்லை! நேற்று நடந்தது கனவோ என்று தோன்றியது.

பழுதிலேயே மோசமானது இப்படி ஒளிந்து விளையாடும் பழுதுதான். வீட்டுக்கு வந்து முறையாகச் சோதித்தேன். பேட்டரி முனையைக் கழற்றி, என்ஜினின் முன்மூடியைத் திறந்து, ரோட்டாரின் (ஆல்டர்னேட்டரில் சுற்றும் பாகம்) இரண்டு ஸ்லிப் ரிங்குக்கும் (அதன் சுருளின் முனைகள் சேரும் வளையங்கள்) நடுவே மின்தடை பார்த்தேன். 3.9 காட்டியது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3, அதைக் கழித்தால் 3.6 ஓம். சுருள் அறுந்திருந்தால் இப்படி ஒரு எண்ணே வராது, ஆக நல்ல நிலை. ஸ்லிப் ரிங்குக்கும் ரோட்டாரின் இரும்புக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை, அதுவும் சரி. ரோட்டாரைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் ஸ்டேட்டாரின் மூன்று சுற்றும் ஒரே அளவு. ஸ்லிப் ரிங்கில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டிலும் பாதிக்கு மேல் மிச்சம். மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் டயோடு போர்டில் ஒவ்வொரு டயோடும் ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விட்டது. எல்லாம் தேறிவிட்டதே, அப்போது மிச்சம் இருப்பது ரெகுலேட்டர்தானே என்று டேங்குக்கு அடியில் இருந்த ரெகுலேட்டரை மாற்றினேன். அளந்து பார்த்து மாற்றவில்லை, மிச்சம் இருந்ததால் மாற்றினேன்.

புது ரெகுலேட்டருடன் ஐந்து நாள் ஓட்டினேன், நன்றாக இருந்தது. ஆறாவது நாள் ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டியபோது முள் மறுபடி படுத்தது. நிறுத்தி, சாவியை அணைத்து, மறுபடி திருப்பினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை.

இந்த முறை எல்இடியைக் குறை சொல்லாமல் வயரிங் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இந்த ஆல்டர்னேட்டரில் நிரந்தரக் காந்தம் கிடையாது. ரோட்டார் என்பது என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கின் மூக்கில் உட்கார்ந்து சுற்றும் ஒரு மின்காந்தம். அதன் சுருளில் மின்சாரம் ஓடினால்தான் காந்தம் உண்டாகும், காந்தம் சுற்றினால்தான் ஸ்டேட்டாரில் மின்சாரம் பிறக்கும். பிறந்த பிறகு அதிலிருந்தே ஒரு பங்கை ரெகுலேட்டர் ரோட்டாருக்குத் திருப்பிக் கொடுக்கும். சரி, முதல் மின்சாரம் எங்கிருந்து வரும்? அந்தச் சிவப்பு விளக்கு வழியாகத்தான். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து கிளம்பி, பல்பைக் கடந்து, ரெகுலேட்டரைக் கடந்து, ஒரு பிரஷ் வழியாக ரோட்டார் சுருளுக்குள் போய், மறு பிரஷ் வழியாக எர்த்துக்கு இறங்குகிறது. அந்த ஓட்டத்தில்தான் பல்பு எரிகிறது. ஆல்டர்னேட்டர் விழித்ததும் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் வந்துவிடும், பல்பு அணையும்.

ஆக, சாவியைத் திருப்பியதும் விளக்கு எரியவில்லை என்றால் அந்தப் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. ரோட்டார் சுருள் அறுந்தால் விளக்கு எப்போதுமே எரியாது. ஓடும்போதும் எரியாது. சார்ஜ் சுத்தமாக நின்றுபோயிருக்கும், எச்சரிக்கை விளக்கோ 'எல்லாம் நலம்' என்று அமைதியாக அணைந்தே இருக்கும். அணைந்திருப்பதில் இரண்டு வகை உண்டு, நான் ஒன்றைத்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

சூடானால் அறுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது என்பது என் ஊகம். அதைப் பிடிக்க ஒரே வழி, சூடாக இருக்கும்போதே அளப்பது. கருவிகளையெல்லாம் ஒரு துணியில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். முள் சாயும்வரை ஓட்டிவிட்டு நேராக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினேன். நண்பன் டார்ச்சோடு தயாராக இருந்தான்.

முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. அவசரத்தில் இதை மட்டும் விட்டுவிடக் கூடாது. முன்மூடிக்குள் இருக்கும் டயோடு போர்டுக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த கம்பி வருகிறது. சாவி அணைந்திருந்தாலும் அதில் உயிர் இருக்கும். மூடியைக் கழற்றும்போது அலுமினியம் அதில் பட்டால் தீப்பொறியோடு டயோடு போர்டும் போகும். எர்த் கம்பியை கியர்பாக்ஸ் பக்கம் கழற்றுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்பீடோமீட்டர் கேபிளைப் பிடித்திருக்கும் அந்த போல்ட்டுக்குள் துளை இருக்கிறது, கியர்பாக்ஸ் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். அழுத்தி முறுக்கினால் முறிந்துவிடும். நான் பேட்டரி பக்கமே கழற்றிவிடுவேன்.

பிறகு மூன்று ஆலன் போல்ட், முன்மூடி வந்துவிட்டது. ஃபேரிங்கின் கீழ்ப் பகுதிகளை முன்பே கழற்றி வைத்திருந்ததால் கை நுழைய இடம் இருந்தது. என்ஜின் சூடு முகத்தில் அடித்தது. பிரஷைத் தூக்கி, ஸ்பிரிங்கை அதன் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் பிரஷ் இறங்காமல் மேலேயே நிற்கும். இரண்டையும் அப்படித் தூக்கி நிறுத்தினேன். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஒரு ஸ்லிப் ரிங்கிலும் கறுப்பு முனையை மற்றதிலும் வைத்தேன். திரையில் 'ஓஎல்'. அளவுக்கு அப்பாற்பட்டது, அதாவது திறந்த பாதை. முனையை இன்னும் அழுத்தினேன், விரல் இரும்பில் பட்டுச் சுட்டதுதான் மிச்சம். அதே 'ஓஎல்'.

நண்பன், "அப்படியே வச்சிருடா, ஆறட்டும்" என்றான். இருபது நிமிடம் முறை வைத்து இருவரும் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திடீரென்று எண்கள் தாவின. 41, 7, மறுபடி 'ஓஎல்', பிறகு 4.0. அதன் பின் அசையவில்லை. பழுது கண் முன்னாலேயே தன்னைச் சரிசெய்துகொண்டதை அன்றுதான் பார்த்தேன். நாற்பது வருடம் கிராங்க்கின் வேகத்தில் சுற்றி, சூடாகி, ஆறிய கம்பி, எங்கோ ஒரு முடிச்சில் விட்டிருக்கிறது. சூட்டில் உலோகம் விரியும்போது இடைவெளி திறக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ரோட்டாரைக் கழற்றுவது தனிக் கதை. முதலில் ஸ்டேட்டாரை எடுக்க வேண்டும். கம்பிகள் எது எங்கே என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் சமமாக அசைத்து வெளியே எடுத்தேன். ரோட்டார் கிராங்க்கின் கூம்பு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். நடுவில் உள்ள ஆலன் போல்ட்டைக் கழற்றினாலும் அது தானாக வராது. சுத்தியலால் தட்டினாலும் வராது, தட்டவும் கூடாது. ரோட்டாரின் உள்மரையில் அதற்கென்றே உள்ள கடினப்படுத்திய போல்ட்டைத் திருக வேண்டும். அதன் மெல்லிய மூக்கு கிராங்க்கைத் தள்ள, ரோட்டார் வெளியே வரும்.

என்னிடம் அந்தக் கருவி இல்லை. நண்பன் ஒரு சாதாரண போல்ட்டின் முனையைக் கடைந்து கொண்டுவந்திருந்தான், பார்க்க அச்சு அசல் அப்படியே இருந்தது. ஆசைதான். ஆனால் சாதாரண இரும்பு அழுத்தத்தில் உள்ளேயே நசுங்கிக் காளான் மாதிரி விரிந்தால், பிறகு ரோட்டாரும் வராது, போல்ட்டும் வராது. அவனுக்கு முகம் வாடியது, நான் மறுத்துவிட்டேன். சரியான கருவிக்கும் புது ரோட்டாருக்கும் பத்து நாள் காத்திருந்தேன்.

கருவி வந்த அன்று வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. ஐந்தாம் கியரில் போட்டு, நண்பன் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, கருவியைத் திருகி இறுக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம், ரோட்டார் கையில் இருந்தது. கூம்பு முனையையும் புது ரோட்டாரின் உள்பக்கத்தையும் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு மாட்டினேன். அங்கே கிரீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம், காய்ந்த உலோகம் உலோகத்தைப் பிடிக்க வேண்டும். ஸ்டேட்டாரைத் திருப்பி மாட்டும்போது பிரஷைத் தூக்கி வைக்க மறந்தால் ரோட்டாரின் விளிம்பில் மோதி உடையும். எனக்கு ஒன்று உடைந்தது. நல்ல வேளை, புது பிரஷ் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன்.

திறந்ததுதான் திறந்தோம் என்று டயோடு போர்டின் ரப்பர் தாங்கிகளையும் பார்த்தேன். நான்கில் ஒன்று பிளந்திருந்தது. இவை அறுந்தால் போர்டு தொங்கி மூடியில் உரசும். நான்கையும் எடுத்துவிட்டு உலோகத் தாங்கி போட்டேன்.

எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. முறுக்கினேன், எரிந்தது. இன்னும் முறுக்கினேன், அப்போதும் எரிந்தது. 3800 சுற்றுக்கு மேல் போன பிறகுதான் அணைந்தது. அதன் பின் 14.1 வோல்ட், அருமையான சார்ஜ். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே கதை.

எனக்கும் நண்பனுக்கும் வாயில் வார்த்தை வரவில்லை. புது ரோட்டார், புது ரெகுலேட்டர், புது பிரஷ், இன்னும் என்ன? அவன்தான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "பழைய பல்பு எத்தன வாட்டுடா?"

மூன்று வாட். 12 வோல்ட்டில் அது கால் ஆம்பியர். ரோட்டாரை எழுப்ப அது போதும். நான் போட்ட எல்இடி விடுவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. விளக்கு நன்றாக எரியும், ஆனால் ரோட்டாருக்குப் போய்ச் சேரும் மின்சாரத்தில் காந்தம் என்று சொல்லும்படி எதுவும் உண்டாகாது. வேகமாகச் சுற்றும்போது இரும்பில் மிச்சம் இருக்கும் துளிக் காந்தம்தான் அதை எழுப்புகிறது. பழைய ரோட்டாரிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது, அதில் பழைய காந்தம் கூடுதலாக மிச்சம் இருந்ததால் கொஞ்சம் முறுக்கியதும் எழுந்துவிட்டது. 'பழைய வண்டி, கொஞ்சம் முறுக்கினால்தான் சரியாகும்' என்று ஒரு வருடமாகக் காலையில் முறுக்கிப் பழகியிருந்தேன். ஆக நான் செய்த அலங்காரம் இரண்டு வேலை செய்திருக்கிறது: சார்ஜைத் தாமதப்படுத்தியது, உண்மையான பழுது வந்தபோது சந்தேகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

பழைய பல்பை டப்பாவிலிருந்து தேடி எடுத்து மாட்டினேன். ஐடிலில் மங்கலாக மினுக்கி, 1400 சுற்றில் அணைந்தது.

அதன் பிறகு வயரிங் மேல் ஒரு வெறி பிடித்துவிட்டது. 3000 சுற்றில் பேட்டரியில் 13.8 இருக்கும்போது ஹெட்லைட் பல்பின் முனையில் அளந்தேன், 12.1. சாவிச் சுவிட்ச், கைப்பிடிச் சுவிட்ச், நாற்பது வருடக் கனெக்டர்கள் என்று வழியெல்லாம் வரி கட்டிவிட்டு வருகிறது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் மாறும். 13.8-க்குப் பதில் 12.1 என்றால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. அதிக வாட் பல்பு போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவன் நான்! பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த கம்பி, அதில் ஃபியூஸ், ஹை பீமுக்கும் லோ பீமுக்கும் ஆளுக்கொரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்). பழைய வயர் இப்போது ரிலேவை எழுப்ப மட்டும். எர்த்தும் புதிது. மறுபடி அளந்தேன், 13.5. அதே 55 வாட் பல்பு, சாலை வேறு மாதிரி தெரிந்தது.

மற்ற சுமைகளுக்கும் ஒரு கணக்கு எழுதினேன். இந்த ஆல்டர்னேட்டர் 280 வாட், அதுவும் நல்ல வேகத்தில். நெரிசலில் ஊர்ந்தால் அதில் ஒரு பகுதிதான் வரும். வண்டியின் அடிப்படைத் தேவை சுமார் 115 வாட், கிரிப் 35, சூடேற்றும் உள்சட்டை 75. கூட்டினால் 225. நெடுஞ்சாலையில் தாங்கும். கூடவே இரண்டு பெரிய ஹாலஜன் துணை விளக்கு போட்டால் 335, தாங்காது. அந்த இரண்டையும் கழற்றிவிட்டு 10 வாட் எல்இடி விளக்கு இரண்டு போட்டேன். அங்கே எல்இடி இருக்கலாம். முள் ஆடும் வோல்ட் மீட்டருக்குக் கீழே சின்னதாக ஒரு டிஜிட்டல் மீட்டரும் வைத்தேன். இப்போது கடிகாரத்தைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

மீட்டர் பெட்டியை மூடுவதற்கு முன் அந்தச் சிவப்பு விளக்கின் ஹோல்டர் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, நிரந்தர மையில் எழுதினேன்: '3 வாட் இழை பல்பு மட்டும். எல்இடி போடாதே.' எனக்குப் பிறகு இந்த வண்டியைத் திறக்கப்போகிறவருக்கு. அதே பல்பு இன்னும் இரண்டு, பஞ்சில் சுற்றி, சீட்டுக்கு அடியில் இருக்கும் கருவித் தட்டில் கிடக்கின்றன. பக்கத்திலேயே ரோட்டார் கழற்றும் கருவி. நண்பன் கடைந்த போல்ட்டும் அங்கேதான் இருக்கிறது. தூக்கிப் போட்டால் அவன் கோபித்துக்கொள்வான்.